பிராணவாயுவின் வரவும் செலவும்

மழைக்காலம் தொடங்கியதும் இன்ஃபுளூயன்ஸா காய்ச்சல் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் இடம்பெறத் தொடங்குகின்றன. காய்ச்சல் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடிவிடுகின்றனர். ஒரு சிலருக்கு மட்டும் வைரஸ் தொண்டையோடு நில்லாமல் நுரையீரலின் அடியாழம் வரை இறங்கிவிடுகிறது. 2009-இல் பரவிய எச்1என்1 காய்ச்சலிலும், 2020-இல் தொடங்கிய கரோனா பெருந்தொற்றிலும் பலரது உயிரைப் பறித்தது இந்த நுரையீரல் பாதிப்புதான்.

கரோனா காலம் நமக்குச் சில எண்களை விட்டுச் சென்றிருக்கிறது. விரல் நுனியில் ஒரு சிறு கருவியை மாட்டி, '96 இருக்கிறது, கவலையில்லை', '89-க்கு வந்துவிட்டது, ஆம்புலன்ஸைக் கூப்பிடு' என்று பேசக் கற்றுக்கொண்டோம். எண்கள் பழகிவிட்டன. ஆனால், 96-க்கும் 89-க்கும் இடையிலுள்ள ஏழு புள்ளிகள் ஏன் அத்தனை பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்பதை விளங்கிக்கொண்டவர்கள் குறைவு.

நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். பெருந்தொற்றின்போது சுவாச உடலியங்கியல் நூல்களைப் படிக்கத் தொடங்கியபோது, அவற்றில் எனக்கு அந்நியமாக எதுவும் தோன்றவில்லை. கையிருப்பு, பகிர்வு, குறைந்து செல் விளைவு, தேவைக்கும் அளிப்புக்கும் இடையிலான பொருத்தம் என்று நான் வகுப்பறையில் சொல்லி வந்த கருத்துகளே அங்கு வேறு பெயர்களில் இருந்தன. நோயாளியின் படுக்கையருகே மருத்துவர்கள் எடுக்கும் முடிவுகளை ஒரு சாமானியக் குடிமகன் புரிந்துகொள்ள இந்த ஒப்புமை உதவும் என்று கருதுகிறேன்.

கையிருப்பு இல்லாத செல்வம்

உணவின்றி மனிதனால் சில வாரங்கள் உயிர்வாழ முடியும். நீரின்றிச் சில நாள்கள் தாங்கலாம். இவற்றுக்கெல்லாம் உடலில் சேமிப்பு உண்டு. ஆக்சிஜனுக்கு அப்படியொரு களஞ்சியம் கிடையாது. நுரையீரலில் தங்கியிருக்கும் காற்று, ரத்தம், தசை அனைத்தையும் சேர்த்தாலும் உடலில் உள்ள மொத்த ஆக்சிஜன் சுமார் ஒன்றரை லிட்டர்தான். ஓய்வாகப் படுத்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் செலவிடுகிறார். கையிருப்பு முழுவதையும் எடுத்துப் பயன்படுத்தவும் இயலாது. எனவே, வரவு நின்றால் சில நிமிடங்களில் கணக்கு முடிந்துவிடும். அன்றன்றைய வருமானத்தில் வாழும் கூலித் தொழிலாளியின் நிலையில்தான் எல்லா உடல்களும் இருக்கின்றன.

இந்த இடையறாத வரவுக்காகவே நுரையீரல் அமைந்திருக்கிறது. அதனுள் 30 கோடி முதல் 50 கோடி வரையிலான காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றை விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். அதாவது, இரண்டு படுக்கையறை கொண்ட ஓர் அடுக்ககத்தின் பரப்பு. காற்றையும் ரத்தத்தையும் பிரிக்கும் சுவரின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ரத்தம் நுண்ணறையைச் சுற்றியுள்ள தந்துகிக் குழாயைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ முக்கால் விநாடி. நலமான நுரையீரலில் அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளேயே ஆக்சிஜன் முழுமையாக ஏறிவிடுகிறது. நாம் ஓடும்போதும் மாடி ஏறும்போதும் ரத்தம் விரைந்து பாய்ந்தாலும் மூச்சு கணக்குத் தப்பாமல் இருப்பதற்கு இந்த மிச்ச நேரமே காரணம்.

ரத்தத்தில் ஏறிய ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். 100 மில்லிலிட்டர் ரத்தம் சுமார் 20 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கிறது. அதில் நீர்மத்தில் நேரடியாகக் கரைந்திருப்பது 0.3 மில்லிலிட்டர் மட்டுமே. இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று கொண்டால், திசுக்களுக்குச் சென்றடையும் ஆக்சிஜன் 1,000 மில்லிலிட்டர். செலவு 250. மீதமுள்ள முக்கால் பங்கு செலவழியாமல் நுரையீரலுக்குத் திரும்பி வருகிறது. நோய்க்காலத்தில் நம்மைக் காப்பது இந்த உபரிதான்.

இந்தக் கணக்கில் நம் நாட்டுக்கு மிகவும் தேவையான ஒரு பாடம் உள்ளது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டுவது விகிதத்தை, அளவை அன்று. இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். ஹீமோகுளோபின் 7 கிராம் உள்ள ஒரு பெண்ணுக்குக் கருவி 98 காட்டலாம். ஆயினும் அவருடைய ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன், ஹீமோகுளோபின் 14 கிராமும் கருவியில் 80-ம் உள்ள ஒருவரைவிடக் குறைவாகவே இருக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். அவர்களில் ஒருவருக்கு நுரையீரல் தொற்று வந்தால், மற்றவர்களுக்கு இருக்கும் உபரி அவருக்கு முன்பே கரைந்து போயிருக்கிறது என்று பொருள்.

மேட்டுநிலமும் சரிவும்

இனி, 96-க்கும் 89-க்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருவோம். 1904-இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போரும் அவருடைய உடனுழைப்பாளர்களும், ஆக்சிஜன் அழுத்தத்துக்கும் ஹீமோகுளோபின் நிரம்பும் அளவுக்கும் உள்ள தொடர்பை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினர். அது நேர்கோடாக இல்லை. மேற்பகுதி தட்டையாகவும் நடுப்பகுதி செங்குத்தாகவும் உள்ள கோடு அது.

தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும்போது ஹீமோகுளோபின் 97 அல்லது 98 சதவீதம் நிரம்பியிருக்கும். அழுத்தம் 60-க்கு வீழ்ந்தாலும் நிரம்பல் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கும். அதாவது, நுரையீரல் தன் திறனில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்த பிறகும் விரல் கருவியில் ஏழெட்டுப் புள்ளிகளே குறைகின்றன. அதற்குப் பிறகு நிலைமை தலைகீழாகிவிடும். அழுத்தம் 40 என்றால் நிரம்பல் 75 சதவீதம். 27 என்றால் பாதிதான். 90 என்ற எண், மேட்டுநிலத்தின் விளிம்பு. அந்த இடத்தில் நிற்பவருக்கு ஓர் இருமல், கழிப்பறைக்கு எழுந்து நடத்தல், ஆக்சிஜன் குழாய் சற்றே விலகுதல் ஆகிய சிறு இழப்புகள்கூட பெருஞ்சரிவாக முடியக்கூடும்.

இதே கோட்டின் தட்டையான பகுதி வேறொரு செய்தியையும் சொல்கிறது. நிரம்பலை 82-லிருந்து 92-க்கு உயர்த்தும் ஆக்சிஜன் உயிரைக் காக்கிறது. 96-லிருந்து 100-க்கு உயர்த்தச் செலவிடும் ஆக்சிஜனால் உடலுக்குக் கிடைக்கும் கூடுதல் பயன் மிகச் சொற்பம். பொருளியல் மாணவர்கள் இதைக் குறைந்து செல் விளைவு விதி என்று படிப்பார்கள். கரோனா சிகிச்சைக்கான இந்திய வழிகாட்டுதல்கள், மிதமான பாதிப்புள்ளவர்களுக்கு 92 முதல் 96 வரையிலும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரையிலும் இலக்கு நிர்ணயித்ததற்கு இதுவும் ஒரு காரணம். மிகையான ஆக்சிஜன் நஞ்சாகும் என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் பால் பெர்ட், பிரிட்டனின் லோரெய்ன் ஸ்மித் ஆகியோர் விலங்குகளில் நிறுவியுள்ளனர். செவிலியர் ஆக்சிஜனின் அளவைக் குறைக்கும்போது, 'காசு மிச்சம் பிடிக்கிறார்கள்' என்று உறவினர்கள் ஐயுறத் தேவையில்லை.

பொருள் ஓரிடம், நுகர்வோர் ஓரிடம்

நலமான நுரையீரலில் காற்று செல்லும் இடத்துக்கு ரத்தமும் செல்கிறது. வைரஸ் இந்தப் பொருத்தத்தைக் குலைக்கிறது. நுண்ணறைகளின் உட்சுவர் சிதைகிறது. அவற்றைச் சுருங்கிவிடாமல் விரித்து வைத்திருக்கும் வழவழப்பான பூச்சு குறைகிறது. தந்துகிகளிலிருந்து கசியும் நீர்மமும் அழற்சிச் செல்களும் அறைகளை நிரப்புகின்றன. அந்த அறைகளைச் சுற்றி ரத்தம் ஓடுகிறது. உள்ளே காற்று இல்லை. நியாயவிலைக் கடை வாசலில் வரிசை நிற்கிறது. கடைக்குள் அரிசி இல்லை.

நுரையீரலுக்கு வரும் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு வெறுங்கையோடு திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பங்கு ரத்தம் 100 சதவீதம் நிரம்புகிறது. ஒரு பங்கு, வந்த நிலையிலேயே 75 சதவீதத்தோடு போகிறது. இரண்டும் கலந்தால் முதல் சுற்றில் ஏறத்தாழ 92 கிடைக்கும். உடலின் செலவு குறையவில்லை என்பதால், அடுத்தடுத்துத் திரும்பி வரும் ரத்தத்தில் மிச்சம் இன்னும் குறைகிறது. சில சுற்றுகளில் கணக்கு 88-ஐ ஒட்டி நிலைகொள்ளும்.

இப்போது முகமூடி வழியே தூய ஆக்சிஜனைச் செலுத்தினால் என்ன ஆகும்? நன்றாக உள்ள அறைகளின் ரத்தம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அதனால் கூடுதலாக ஏற்க முடிவது மிகச் சிறிதளவே. நீர் நிரம்பிய அறைகளுக்குள் ஆக்சிஜன் நுழையவே முடியாது. 'இவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தும் ஏன் ஏறவில்லை?' என்று மருத்துவமனைத் தாழ்வாரங்களில் எழுந்த கேள்விக்கு விடை இதுதான். ஓரளவு காற்றோட்டம் எஞ்சியுள்ள அறைகளுக்கு ஆக்சிஜன் பெரிதும் உதவும். முற்றாக மூடிய அறைகளுக்கு, அவற்றைத் திறக்கும் வழியைத் தேட வேண்டும். அல்லது ரத்தத்தை அங்கிருந்து திருப்பிவிட வேண்டும்.

ரத்தத்தைத் திருப்பிவிடும் வேலையை உடல் தானாகவே செய்ய முயல்கிறது. ஆக்சிஜன் குறைந்த பகுதிகளில் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தத்தை நல்ல பகுதிகளுக்கு அனுப்புகின்றன. ஸ்டாக்ஹோமில் வான் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் இருவரும் 1946-இல் இதை விளக்கினர். உடலின் பிற பகுதிகளில் ஆக்சிஜன் குறைந்தால் குழாய்கள் விரியும். நுரையீரலில் மட்டும் சுருங்கும். கடுமையான அழற்சி இந்தத் தற்காப்பையே பழுதாக்கிவிடுகிறது என்பதுதான் துயரம்.

மூச்சு முட்டாத மூச்சுத்திணறல்

2021 மே மாதம் என் அக்காவின் கணவருக்குக் காய்ச்சலின் ஏழாம் நாள். அன்று காலை அவர் என்னோடு தொலைபேசியில் பத்து நிமிடங்கள் பேசினார். 'எனக்கு ஒன்றுமில்லை மாப்பிள்ளை, இந்தக் கருவிதான் கெட்டுப்போய்விட்டது' என்றார். கருவி 86 காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் செவிலியராகப் பணியாற்றும் பெண்ணொருவர், அத்தானின் மார்பைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு மூச்சை எண்ணும்படி அக்காவிடம் சொன்னார். 32 என்று வந்தது. அன்று பிற்பகலே மருத்துவமனையில் சேர்த்தனர். ஒன்பது நாள்கள் ஆக்சிஜன் உதவியுடன், பெரும்பாலும் குப்புறப் படுத்தபடி இருந்து வீடு திரும்பினார்.

ஆக்சிஜன் இவ்வளவு குறைந்தும் அவருக்கு ஏன் மூச்சு முட்டவில்லை? நம்மை மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அன்று. கரியமில வாயுவின் மிகுதி. 1905-இல் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் இதைத் தெளிவுபடுத்தினர். கரியமில வாயு ஆக்சிஜனைவிடச் சுமார் இருபது மடங்கு எளிதாகத் திசுச் சுவர்களைக் கடக்கும். மேலும், நுரையீரலின் நல்ல பகுதி சற்று வேகமாக இயங்கினால், பழுதான பகுதி வெளியேற்றத் தவறிய கரியமில வாயுவையும் சேர்த்து அதனால் வெளியேற்றிவிட முடியும். ஆக்சிஜனில் அவ்வாறு ஈடுகட்ட முடியாது. ஹீமோகுளோபின் நிரம்பிய பின் அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. கழுத்துத் தமனியின் அருகே ஆக்சிஜனைக் கண்காணிக்கும் சிறு உறுப்பு ஒன்று உண்டு. ஆனால், அழுத்தம் ஏறத்தாழ 60-க்குக் கீழே இறங்கிய பிறகே அது உரக்கக் குரல் எழுப்புகிறது. கரியமில வாயு ஏறாமல் இருக்கும்போது அந்தக் குரலும் தணிந்துதான் ஒலிக்கும்.

ஆகவே, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நோயாளி சொல்வதை மட்டும் நம்ப முடியாது. கருவியின் எண்ணையும் மூச்சின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓய்வில் இருக்கும் வயது வந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவார். 24-ஐ எட்டினால் மிதமான பாதிப்பு என்றும், 30-ஐத் தாண்டினால் கடுமையான பாதிப்பு என்றும் நம் நாட்டு வழிகாட்டுதல்கள் வகுத்தன. இதை அறிய விநாடி முள் உள்ள ஒரு கடிகாரமும், ஒரு முழு நிமிடப் பொறுமையும் போதும். மருத்துவத்தில் இதைவிட மலிவான பரிசோதனை இருக்க முடியாது. மலிவானது என்பதாலேயே அது அலட்சியத்துக்கும் உள்ளாகிறது.

விரல் கருவிக்கும் எல்லைகள் உண்டு. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோகி 1974-இல் உருவாக்கிய கோட்பாட்டின்படி, சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் துடிக்கும் ரத்தத்தால் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்பதை ஒப்பிட்டு அது கணக்கிடுகிறது. குளிர்ந்த விரல், அசையும் கை, நகப்பூச்சு ஆகியவை அதை ஏமாற்றும். தோலின் கருமையும் கணக்கைப் பிழையாக்கும் என்பதை 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று சுட்டிக்காட்டியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளில், உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கருமையான தோல் உடையவர்கள் மிகுந்த நம் நாட்டில், 92 அல்லது 93 என்ற எண்ணைக் கண்டு முழு நிம்மதி அடைந்துவிடலாகாது.

உடலியங்கியல் தந்த மருத்துவம்

கடுமையான வைரஸ் நுரையீரல் அழற்சியில் உயிர்காத்த முறைகள் பலவும் இந்த அடிப்படை அறிவிலிருந்தே பிறந்தவை. முதலாவது, குப்புறப் படுக்க வைத்தல். நுரையீரல் திசுவின் பெரும்பகுதி முதுகுப்புறத்தில் உள்ளது. மல்லாந்து படுத்தால் இதயத்தின் எடையும், வயிற்றின் அழுத்தமும், நீர் கோத்த நுரையீரலின் சொந்தப் பாரமும் அந்தப் பகுதியையே நசுக்குகின்றன. குப்புறப் புரட்டினால் முதுகுப்புற அறைகள் திறந்துகொள்கின்றன. ரத்தமோ முன்போலவே பெரும்பாலும் அங்குதான் பாய்கிறது. காற்றும் ரத்தமும் மீண்டும் சந்திக்கின்றன. பிரான்ஸில் கேரான் தலைமையிலான குழு 466 நோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களை நாளுக்கு 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைத்தபோது, 28 நாள்களுக்குள் நேரிட்ட இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. இதற்குப் புதிய மருந்தோ இயந்திரமோ தேவைப்படவில்லை. ஒரு குழாயும் விலகாமல் நோயாளியைப் புரட்டத் தெரிந்த நான்கைந்து பயிற்சி பெற்ற கைகள் தேவைப்பட்டன.

இரண்டாவது, செயற்கை சுவாசத்தின் அளவு. 1952-இல் கோபன்ஹேகனைப் போலியோ தாக்கியபோது, மயக்கவியல் மருத்துவர் பியோன் இப்சன் தொண்டையில் துளையிட்டு, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக அந்தப் பைகளை அமுக்கினர். அதற்கு முன் மூச்சுத்தசை செயலிழந்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இம்முறைக்குப் பின் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தோற்றுவாய் அதுதான்.

போலியோவில் தசை மட்டுமே செயலிழந்தது. நுரையீரல் நலமாக இருந்தது. வைரஸ் அழற்சியில் நுரையீரலே நோயுற்றிருக்கிறது. இத்தாலிய மருத்துவர் லூசியானோ காட்டினோனி, இத்தகைய நோயாளியிடம் எஞ்சியிருப்பது ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுக்கே ஆன செயல்படும் பகுதி என்று விளக்கினார். அதற்குள் பெரியவருக்கான காற்றைத் திணித்தால் நல்ல அறைகளும் கிழிந்துவிடும். 861 நோயாளிகளைக் கொண்டு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 12 மில்லிலிட்டருக்குப் பதிலாக 6 மில்லிலிட்டர் காற்றைச் செலுத்தியபோது இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. அந்த எடையும் தராசில் காணும் எடை அன்று. உயரத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. பருமன் கூடுவதால் நுரையீரல் பெரிதாவதில்லை.

மூன்றாவது, மருந்தை எப்போது கொடுப்பது என்பது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் வழிநடத்திய 'ரெக்கவரி' ஆய்வு 2020-இல் டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்தைச் சோதித்தது. செயற்கை சுவாசத்தில் இருந்த கரோனா நோயாளிகளின் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகவும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் இறப்பு 26.2 சதவீதத்திலிருந்து 23.3 சதவீதமாகவும் குறைந்தன. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் எதுவும் இல்லை. கெடுதலாக இருக்கக்கூடும் என்ற ஐயமே எழுந்தது. மருந்து பலன் தருமா என்பதைத் தீர்மானித்தது நோயின் பெயர் அன்று. நோயாளியின் ஆக்சிஜன் தேவை. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு மாத்திரைகளை விழுங்கியதும், கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் சேர்ந்தே 2021-இல் கரும்பூஞ்சை நோய் பெருக வழிவகுத்தன.

உருளையின் கணக்கு

மருத்துவமனைகளில் காணும் பெரிய ஆக்சிஜன் உருளையில் சுமார் 7,000 லிட்டர் வாயு இருக்கும். மூக்குக் குழாய் வழியே நிமிடத்துக்கு 2 லிட்டர் பெறுபவருக்கு அது இரண்டு நாள்களுக்கும் மேல் வரும். உயர் ஓட்டக் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் தூய ஆக்சிஜன் பெறுபவருக்கு இரண்டு மணி நேரம்கூட வராது. வீடுகளில் வாங்கி வைத்த ஆக்சிஜன் செறிவூட்டிகள் நிமிடத்துக்கு 5 அல்லது 10 லிட்டர் மட்டுமே தரும். இந்த எளிய வகுத்தல் கணக்கைச் செய்யாமல் கருவிகளை வாங்கிக் குவிப்பதில் பயனில்லை. பெரிய மருத்துவமனைகளுக்குத் திரவ ஆக்சிஜனே பொருத்தம். மைனஸ் 183 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கும் திரவம் ஒரு லிட்டர், சுமார் 860 லிட்டர் வாயுவாக விரியும்.

2021 ஏப்ரலில் தேசம் முழுவதுமாக ஆக்சிஜன் இன்றிப் போய்விடவில்லை. உற்பத்தியின் பெரும்பகுதி கிழக்கு மாநிலங்களின் எஃகு ஆலைகளை ஒட்டி இருந்தது. மூச்சுக்காகத் தவித்தவர்கள் தில்லியிலும் மேற்கு மாநிலங்களிலும் இருந்தனர். நடுவில் திரவ ஆக்சிஜனைச் சுமக்கும் டேங்கர்கள் போதவில்லை. ரயில்வே 'ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ்' ரயில்களை இயக்க வேண்டியதாயிற்று. பொருள் ஓரிடம், நுகர்வோர் ஓரிடம் என்ற நுரையீரலின் நோய் அப்போது நாட்டையே பீடித்திருந்தது. பஞ்சங்களில் உணவு இருந்தும், அதைப் பெறும் உரிமையும் வழியும் இல்லாததால் மக்கள் மடிந்ததை அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மூச்சுப் பஞ்சத்துக்கும் அந்த விளக்கம் பொருந்துகிறது.

அந்த அனுபவத்துக்குப் பின் மாவட்டங்கள்தோறும் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் நிலையங்கள் நிறுவப்பட்டன. அவற்றின் இதயம், நைட்ரஜனை ஈர்த்துக்கொள்ளும் சியோலைட் என்ற கனிமம். ஈரம் புகுந்தால் அது கெட்டுவிடும். நிலையத்தைத் தொடர்ந்து இயக்கி, வடிகட்டிகளை மாற்றி, வெளிவரும் ஆக்சிஜனின் தூய்மையை அளந்துகொண்டே இருக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு நிதி ஒதுக்குவது எளிது. பராமரிப்புக்கும் தொழில்நுட்பப் பணியாளருக்கும் ஆண்டுதோறும் ஒதுக்குவதே கடினம். அரசின் வரவு - செலவுத் திட்டத்தில் இதற்கெனத் தனித் தலைப்பு இருப்பது அவசியம்.

மனிதவளமும் அவ்வாறே. செயற்கை சுவாசத்தில் இருக்கும் ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகோல். நோயாளியைப் புரட்டுவது, குழாயில் சேரும் சளியை நீக்குவது, மூச்சை எண்ணுவது, ஆக்சிஜனைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பது எல்லாம் அவர்கள் கையில்தான் உள்ளன. கருவிகளை ஒரு வாரத்தில் இறக்குமதி செய்துவிடலாம். அனுபவம் பெற்ற செவிலியரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். அவர்களை ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தி, அலை ஓய்ந்ததும் விடுவிப்பது சிக்கனம் ஆகாது.

உலக சுகாதார அமைப்பு 2017-இல், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவோருக்கான சிகிச்சை மருந்தாக ஆக்சிஜனைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2023-இல் உலக சுகாதாரப் பேரவை மருத்துவ ஆக்சிஜனை அனைவருக்கும் கிடைக்கச் செய்வதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. தீர்மானங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலை எட்ட வேண்டும். அங்கு வரும் ஒவ்வொரு காய்ச்சல் நோயாளிக்கும் விரல் கருவியால் சோதிப்பதும், ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பதிவதும் வழக்கமாக வேண்டும். ரத்தசோகையைக் குறைக்கும் திட்டங்கள் நுரையீரலைக் காக்கும் திட்டங்களும்கூட என்பதை நிர்வாகம் உணர வேண்டும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. முதியோரும் சர்க்கரை, இதய, நுரையீரல் நோய் உள்ளோரும் இன்ஃபுளூயன்ஸா தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டறியலாம். காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை கூடுதல் கவனம் வேண்டும்; கரோனாவில் பலருக்கு நிலைமை மோசமானது இந்த இடைவெளியில்தான். ஓய்வில் 94-க்குக் கீழே இறங்கினாலோ, சற்று நடந்ததும் மூன்று நான்கு புள்ளிகள் சரிந்தாலோ, மூச்சு 24-ஐத் தொட்டாலோ, நோயாளி நன்றாகப் பேசுகிறார் என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது. மேட்டுநிலத்தில் இருக்கும்போதே மருத்துவமனையை அடைந்தவரைக் காப்பாற்றும் வாய்ப்பு, சரிவில் உருண்ட பின் வருபவருக்கு இருப்பதைவிட மிக அதிகம்.